கடைசி வரியை எழுதியவன்

பேட்டையில் பிளக்ஸ், நோட்டீஸ் அடிக்கும் கடையில் இருபத்திரண்டு வருடம் டிசைனராக இருந்தேன். காதுகுத்து, கோயில் கொடை, கண்ணீர் அஞ்சலி என்று எல்லா மேட்டரும் நான் எழுதியதுதான். மெஷின் ஓட்டும் செல்லத்துரை அதில் ஒரு வரியைக்கூட நின்று படித்ததில்லை.

1. வயிற்றெரிச்சல்

ஒரு நாள் சண்டைக்கு ஆள் திரட்டும் ஏதோ ஓர் அமைப்பின் நோட்டீஸ் வாட்ஸப்பில் வந்தது. சட்டப்படி போட வேண்டிய அச்சகப் பெயரைப் போடாமல் அடித்துத் தரச் சொன்னார்கள். அப்போதே மறுத்திருக்க வேண்டும். முதலாளி சரி என்றார், நானும் வாயைத் திறக்கவில்லை.

செல்லத்துரை மெஷினை நிறுத்திவிட்டுப் படித்தான்.

"அண்ணாச்சி, எப்படி எழுதுதான் பாத்தியளா? எனக்குன்னே எழுதுன மாதிரில்லா இருக்கு!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுதியவன் யாரென்றே தெரியாது. உட்கார்ந்து அவன் வித்தையைப் பிரித்துப் பார்த்தேன். எங்கும் 'நாம்'. எதிராளிக்குப் பெயரோ முகமோ கிடையாது, வெறும் 'அவர்கள்'. முதலில் பழைய அவமானம் ஒன்றைக் கிளறுவான், பிறகு யோசிக்க நேரமில்லை என்பான். இவ்வளவுதானே, என்னால் முடியாதா என்று தோன்றியது.

2. என் முறை

அடுத்த நோட்டீஸோடு அந்த அமைப்பிலிருந்து நேரில் வந்தவர், "கடைசி வரி சவசவன்னு இருக்கு. பாத்து மாத்தும் வே" என்றார்.

'நாளை உன் மகள் கேட்பாள், அன்று நீ எங்கே இருந்தாய் என்று.' இப்படி எழுதிக் கொடுத்தேன்.

"இதுல்லா வே எழுத்து!"

இரண்டு நாள் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அச்சான நோட்டீஸில் ஒன்றைச் செல்லத்துரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அவனுக்கு இரண்டு வயதில் மகள் இருந்தாள். நான் அதை யோசிக்கவில்லை. கடைசியில் என் எழுத்தைப் படித்துவிட்டான் என்பதுதான் பெரிதாக இருந்தது.

3. அவன் சிரித்தது

அந்த மாதமே வேலைக்கு வருவதை நிறுத்தினான். அவன் மனைவி கடைக்கு வந்து அழுதாள்.

"வீட்டுக்கே வரமாட்டேங்காவ அண்ணாச்சி. அந்த ஆளுவ கூட அரிவாளோட சுத்துதாவளாம். நீங்க சொன்னா கேப்பாவ."

தேடிப்போய்ப் பார்த்தேன்.

"ஏலே, அந்தக் கடைசி வரிய எழுதினது நாந்தாம்லே. நோட்டீஸ் எழுதினவன விட நல்லா எழுதிக் காட்டணும்னு எழுதினேன். வேற ஒண்ணுமில்ல. வீட்டுக்கு வா."

சிரித்தான். "பொறாமையில பேசுதிய அண்ணாச்சி. ஒங்களுக்கு இப்படில்லாம் எழுத வராது."

அவனை அழைத்துவரப் போன இடத்தில், என் வரியை இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டானே என்றுதான் முதலில் எரிந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இன்று ஒரு வெட்டு வழக்கில் சிறையில் இருக்கிறான். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அச்சகப் பெயர் போட முடியாத மேட்டரைத் தொடாதீர்கள், எழுதியவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும்.

செல்லத்துரையின் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அப்பா எங்கே என்று கேட்கிறாளாம்.