நாகலிங்க மரத்தடியில் மேனேஜர்

ராயர் தோட்டத்து நாகலிங்க மரத்தடியில் பச்சையம்மாள் நின்றது நாலரை மணி நேரம். 1969 காணும் பொங்கல் அன்று, காலை பதினொன்றிலிருந்து மாலை மூன்றரை வரை. அப்போது அவளுக்கு வயது பதினேழு.

சங்கராபுரத்திலிருந்து மலைக்குப் போகிற சாலையில், கல்வராயன் மலை முழுசாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிற இடத்தில் இருந்தது அந்தத் தோட்டம். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு ராயர் கட்டிய பங்களா. அதைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் செங்கல் சுவர். வருஷத்தில் ஒரே நாள், காணும் பொங்கலுக்கு, இரும்பு கேட்டைத் திறந்து ஜனங்களை உள்ளே விடுவார்கள். ரிஷிவந்தியம், மணலூர்பேட்டை என்று எங்கெங்கிருந்தோ வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். தும்பிக்கையால் தண்ணீர் பீய்ச்சும் கல் யானை, தாமரைத் தொட்டி, கூண்டில் மயில், இரண்டு வரிசை நெட்டிலிங்க மரம். பார்க்கலாம், தொடக் கூடாது.

தொட்டவர்களுக்கென்று மேனேஜர் சுப்புராயன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பறித்த பூவையோ காயையோ நூலில் கோத்து அவர்கள் கழுத்திலேயே மாட்டி, நடுத்தோட்டத்து நாகலிங்க மரத்தடியில் நிறுத்திவிடுவார். வந்த கூட்டம் மயிலைப் பார்த்த கையோடு அவர்களையும் பார்த்துவிட்டுப் போகும்.

பச்சையம்மாள் பறிக்கவில்லை. கீழே கிடந்த பூ ஒன்றைக் குனிந்து எடுத்தாள், அவ்வளவுதான்.

"உதிர்ந்த பூவுங்க" என்றாள்.

"உதிர்ந்தா? உங்கப்பன் நட்ட மரமா?" என்றார் சுப்புராயன்.

அன்றைய கூட்டத்தில் மணலூர்பேட்டையிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. அந்தத் தை மாசக் கடைசியில் அவளைக் கட்டிக்கொள்ள இருந்தவனின் குடும்பம். மாமியாராக வேண்டியவள் மரத்தடிக்கு வந்தாள், நின்று பார்த்தாள், கூட வந்த பெண்களைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். பத்தாம் நாள் நிச்சயத் தட்டு திரும்பி வந்தது. இரண்டு வருஷம் கழித்து அய்யனார் என்பவருக்கு இரண்டாந்தாரமாகப் போனாள். முதல் தாரத்துப் பிள்ளைகள் இரண்டு பேர். குறை சொல்ல முடியாத மனுஷன்தான். ஆனால் அவள் யாருக்கு நிச்சயமாகியிருந்தாளோ அவனில்லை.

சுப்புராயன் அதே இடத்தில் அதேபோல் நிற்க வேண்டும். பச்சையம்மாள் கேட்டது அது ஒன்றுதான். அது நடக்கிற காரியமாகத் தெரியாததால் மரத்தின் மேல் கை வைத்தாள். வேரடியில் பெருங்காயம் வைத்தால் மரம் பட்டுப்போகும் என்று சொல்வார்கள். ஒவ்வொரு காணும் பொங்கலுக்கும் மடியில் ஒரு கட்டியோடு போவாள். கூட்டம் மயிலிடம் நிற்கும்போது மரத்தடியில் உட்கார்ந்து, பட்டையைக் கீறி உள்ளே அழுத்துவாள். பதினெட்டு வருஷத்தில் அவள் வைத்த பெருங்காயத்துக்கு ஊருக்கே சாம்பார் வைத்திருக்கலாம். மரம் வருஷத்துக்கு வருஷம் பருத்துக்கொண்டு போனது.

இதற்கிடையில் அவள் கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி ஆகியிருந்தாள். முப்பது பேர் அவள் சொல்லுக்கு அரிவாளை எடுப்பார்கள், அவள் சொல்லுக்குக் கீழே வைப்பார்கள்.

1987 செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. ஊருக்கு ஊர் மரத்தை வெட்டி ரோட்டில் போட்டார்கள். சங்கராபுரத்துப் பக்கம் பஸ் ஓடவில்லை. இரண்டாம் நாள் காலை, ரோட்டில் போடப் புளியமரம் அறுத்துக்கொண்டிருந்த ஊர்க்காரன் வீரமுத்துவிடம் போய் நின்றாள் பச்சையம்மாள்.

"இந்தக் குச்சியெல்லாம் போலீஸ்காரன் காலால தள்ளிட்டுப் போவான். ராயர் தோட்டத்துல ஒரு மரம் நிக்குது. போட்டா லாரியே தாண்டாது."

வீரமுத்துவுக்குச் சரியென்று பட்டது. வாச்மேன் ஓடிப்போனான். கோடாலியும் ரம்பமுமாகப் பதினாலு ஆண்கள், பின்னால் அவளுடைய வெட்டாட்கள், வேடிக்கை பார்க்க ஊர். கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனார்கள். காணும் பொங்கல் இல்லாத நாளில் அந்தத் தோட்டத்தை அவர்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. ரெண்டு பெண்கள் கல் யானையின் தும்பிக்கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

மரத்தடிக்கு வந்ததும் வீரமுத்து அண்ணாந்து பார்த்தான். கோடாலியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"இன்னாக்கா, நாகலிங்கமா! சாமிப் பூவு. பூவுக்குள்ளயே லிங்கம் இருக்குது. இதுல நான் கோடாலி வெக்க மாட்டேன்."

"மரந்தானடா?"

"நெட்டிலிங்கம் வேணும்னா பத்து தள்றேன். இது வாணாம். எங்க வூட்ல புள்ளைங்க இருக்குது."

மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகக் கோடாலியைச் சாய்த்தார்கள். பச்சையம்மாளுக்கு ஆத்திரமாக வந்தது. பதினெட்டு வருஷம் கழித்து மரத்தடி வரை வந்தாயிற்று. ஆள் இருக்கிறது, கோடாலி இருக்கிறது, வெட்ட மட்டும் ஒருத்தனும் இல்லை.

அப்போது பங்களாவிலிருந்து சுப்புராயன் ஓடிவந்தார். அறுபத்தெட்டு வயது. வேட்டி காலைத் தட்டியது.

"வேணாம்பா, வேணாம்! முதலாளியோட தாத்தா நட்ட மரம். இது போச்சுன்னா என்னை இந்த வீட்டை விட்டே துரத்திடுவார்."

இவர்கள் மரத்தைத் தொட மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அது பச்சையம்மாளுக்குச் சட்டென்று உறைத்தது. வீரமுத்துவைத் திரும்பிப் பார்த்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. கீழே கிடந்த கோடாலியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"மரம் நிக்கணுமா?" என்றாள் அவள். "அப்ப நீ நில்லு."

கீழே கிடந்த பூக்களைப் பொறுக்கினாள். வெட்டாள் ஒருத்தி தன் முந்தானையிலிருந்து நூல் உருவிக் கொடுத்தாள். கோத்து, எட்டி, அவர் கழுத்தில் மாட்டினாள். கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள்.

"மேனேஜரே, மாப்ள கணக்கா கீறீங்க!"

"பொண்ணு எங்கங்க? ரோட்டுல மாட்டிக்கிச்சா?"

ஒரு மணி நேரம் போனது. வெயில் ஏறியது. பச்சையம்மாள் எதிரில் மண்ணில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"நீ யாரும்மா?"

அடி வாங்கியதுபோல் இருந்தது அவளுக்கு. அந்த முகத்தை அவள் மறந்த நாளில்லை. அந்த ஆளுக்கு அவள் யார் என்றே தெரியவில்லை.

"ஞாபகம் வர்ற வரைக்கும் நின்னுக்கினு இரு" என்றாள்.

சுப்புராயன் யோசித்தார். தப்பிக்க வேறு வழி தெரியவில்லை.

"கொய்யா பறிச்ச பொண்ணு. ராசு தங்கச்சி."

கூட்டத்திலிருந்து ஒரு நடுவயதுப் பெண் குரல் கொடுத்தாள். "ராசு தங்கச்சி நான்தான். கொய்யா இல்ல, எலுமிச்ச. ஒண்ணே ஒண்ணு."

"அப்ப ரோஜாச் செடியை ஒடைச்ச டீச்சரம்மா?"

"அவுங்க செத்து நாலு வருஷமாச்சு" என்றது இன்னொரு குரல்.

"தாமரை மொட்டு பறிச்சவளா? மயங்கி விழுந்தாளே, மாசமா இருந்தவ..."

சிரிப்பு நின்றுவிட்டது. ரம்பத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்த இருசப்பன் அதைக் கீழே போட்டான்.

"அது எங்கம்மா. அன்னிக்கி வூட்டுக்கு வந்து புள்ள கலைஞ்சி போச்சு. எனக்கு ஒரு தம்பி இருந்திருப்பான்யா."

வீரமுத்துவின் தோளிலிருந்த கோடாலியைப் பிடுங்கிக்கொண்டு நேராகச் சுப்புராயனிடம் போனான். தடுக்க யாரும் அசையவில்லை. பச்சையம்மாள்தான் எழுந்து நடுவில் நின்றாள்.

"நவுருக்கா!"

"மாட்டேன். இவன் எம் பேர இன்னும் சொல்லல. சொல்றதுக்கு முன்னாடி இவன் மேல யார் கை பட்டாலும் அந்தக் கைய நான் வெட்டுவேன்."

இரக்கப்பட்டுச் சொல்லவில்லை என்பது இருசப்பனுக்கே தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். சுப்புராயன் இன்னும் பேர்களைச் சொல்லிக்கொண்டே போனார். மேலூர்க்காரி ஒருத்தி. நெல்லிக்காய் திருடிய கிழவர். மலையிலிருந்து வந்த அக்கா தங்கை ரெண்டு பேர். ஒவ்வொரு பேருக்கும் பச்சையம்மாள் தலையை ஆட்டினாள், இல்லையென்று. கடைசியில் அவரிடம் பேர் தீர்ந்துபோனது.

சாலையில் போலீஸ் லாரிச் சத்தம் கேட்டது. கூட்டம் சுவர் ஏறிக் குதித்துக் கலைந்தது. பச்சையம்மாள் அவசரப்படவில்லை. அவர் காதுக்குப் பக்கத்தில் போய், "தேடிக்கினே இரு" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கக் கதவு வழியாக நடந்து போனாள்.

சுப்புராயன் அன்றைக்கே புகார் கொடுத்தார். ஊர் ஆண்களை அவருக்கு நன்றாகத் தெரியும். வீரமுத்து, இருசப்பன் என்று பதினாலு பேர் எழுதப்பட்டார்கள். அதற்குக் கீழே, பெயர் தெரியாத பெண் ஒருத்தி.

விடிவதற்குள் பதினாலு பேரையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வீரமுத்துவின் மனைவி அழுதுகொண்டே வந்து சொன்னாள்: "உம் பேரு மட்டும் இல்லக்கா. நீயாவது தப்பிச்ச."

பச்சையம்மாள் கையிலிருந்த கூழ்ச்சட்டியைக் கீழே வைத்தாள். புடவை மாற்றிக்கொண்டாள். பஸ் இல்லாததால், ரோட்டில் கிடந்த மரங்களை ஏறித் தாண்டிச் சங்கராபுரம் வரை நடந்தே போனாள்.

ஸ்டேஷனில் ரைட்டர் லிஸ்டைப் புரட்டினார். "உன் பேரு இதுல இல்லம்மா. வூட்டுக்குப் போ."

"இல்லன்னுதான் வந்தேன். எழுதுங்க."

"இன்னாம்மா, பைத்தியமா உனக்கு? உள்ள போக ஆசையா?"

"பேரு தெரியாதவன்னு எழுதிக் குடுத்தாரில்ல அவரு? அந்தப் பொம்பள நான்தான். பச்சையம்மாள். எங்கப்பா பேரு சடையன். அறுவத்தொம்போது காணும் பொங்கலுக்கு நாகலிங்க மரத்தடியில நின்னவன்னு சேத்து எழுதுங்க."

"அதெல்லாம் இதுல எழுத முடியாது."

"அப்ப பேர மட்டும் பெருசா எழுதுங்க. அந்தாளு கோர்ட்டுக்கு வந்தா அதப் படிக்கணும்."

ரைட்டர் பேனாவை எடுத்தார். பதினைந்தாவது பெயராக எழுதிக்கொண்டார். அவள் வேலூர் பெண்கள் சிறையில் பன்னிரண்டு நாள் இருந்தாள்.