முடிச்சுப் போட்ட தமாலே

ஒப்துலியா காவாசோஸுக்கு பேங்க் என்றாலே ஆகாது. தெருமுனை பேங்கைக் கடக்க நேர்ந்தால், ஆகாத சம்பந்தி எதிரே வருவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போய்விடுவாள். காரணம் பழையது. மெக்சிகோவின் மோந்தெர்ரேயில் குமரியாக இருந்தபோது தையல் மெஷின் வாங்குவதற்காக பேங்கில் பணம் போட்டு வைத்திருந்தாள். தொண்ணூற்று நாலில் அந்த நாட்டுப் பணமான பெசோவின் மதிப்பு விழுந்தது. விழுந்த பிறகு அந்தப் பணத்துக்கு மெஷினின் மூடிதான் வந்திருக்கும். எல்லை தாண்டி சான் அன்டோனியோவின் மேற்குப் பக்கத்தில் குடியேறி, பதினைந்தாம் பிறந்தநாள் பெண்களின் கவுன்களுக்கு இடுப்புப் பிடித்துக் கொடுக்கும் தையல்காரியாக நிலைத்த பிறகும் அந்தக் கோபத்தை மட்டும் அவள் பிடித்துச் சுருக்கவில்லை.

ஆகவே அவளே ஒரு பேங்க் ஆனாள். தாந்தா என்று அந்த ஊரில் சொல்லும் சீட்டு. பத்துப் பேர், வாரம் ஆளுக்கு நூறு டாலர், வாரத்துக்கு ஒருவர் கையில் ஆயிரம். ஏலம் கிடையாது, தள்ளு கிடையாது, நம்பர்தான். நம்பரை ஒப்துலியா தீர்மானிப்பாள். வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் நம்பர் ஒன்று. பெரிய டிவி வாங்க வேண்டுமென்றால் நம்பர் ஒன்பது. அவளைப் பற்றி முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தவருக்கு நம்பர் பத்து. கணவன் நிக்காந்த்ரோவுக்கு மட்டும் எந்த நம்பரும் இல்லை. "வீட்டு ஆளுக்குச் சீட்டு குடுத்தா ஊரு சிரிக்கும்" என்பாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் பணம். பத்தொன்பது வருடத்தில் ஒரு வியாழனும் தப்பியதில்லை. அந்தத் தெருவில் ஒரு வார்த்தைக்கு உறுதி சேர்க்க வேண்டுமென்றால் "ஒப்துலியா வியாழன் மாதிரி" என்பார்கள்.

நிக்காந்த்ரோ பஸ் டிப்போவில் மெக்கானிக். அதிகம் பேசாத மனிதன். வெள்ளிக்கிழமைதோறும் சம்பளத்தை ரொக்கமாகக் கொண்டுவந்து அவள் கையில் வைத்து, "செக் மாத்துற கடைக்காரன் அவன் கமிஷனை எடுத்துக்கிட்டான்" என்பான். ஒப்துலியா அந்தக் கடைக்காரனை, அவன் பரம்பரையோடு சேர்த்து, சமையல் முடியும்வரை திட்டுவாள்.

அந்த டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய செவ்வாயன்று, அவள் வீட்டில் தமாலே போட்டார்கள். சோளக்கதிரின் உரித்த மட்டையில் மாவும் கறியும் மடித்து ஆவியில் வேகவைக்கும் பண்டம், ஒரு ஆள் வேலையல்ல. தெருப் பெண்கள் எல்லாரும் கூடி, ஒருத்தி சோளமாவை மட்டையில் தடவ, ஒருத்தி கறி வைக்க, ஒருத்தி மடிக்க, எல்லாரும் வராதவளைப் பற்றிப் பேச வேண்டும். வீடு நிறையக் கண்கள். அந்த வாரச் சீட்டுப் பணமோ காபி டப்பாவில் இருந்தது, காபி கேட்கிறார்கள். ஒப்துலியா சட்டென்று யோசித்தாள். பத்து நூறு டாலர் நோட்டையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஒரு சோளமட்டையில் வைத்து மடித்து, ஃப்ரீசரில் மற்ற தமாலேக்களோடு வைத்துவிட்டாள். மாவு போலன்றி நோட்டு விறைப்பானது. மட்டை விரிந்து விரிந்து வந்தது. மட்டையில் ஒரு நார் கிழித்து இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

அங்கேதான் தவறியது. அந்த வீட்டில் முடிச்சில்லாத தமாலே என்றால் பன்றிக்கறி, முடிச்சுப் போட்டது என்றால் திராட்சை வைத்த இனிப்பு. இருபது வருடமாக அவளே வைத்த சட்டம்.

வியாழன் மதியம், தோழி என்ற உரிமையில் அவளைக் 'கொமாத்ரே' என்று கூப்பிடும் ஹெர்லிந்தா போன் செய்தாள். இந்த வாரம் அவள் முறை, எட்டாம் நம்பர். எல்லைக்கு அப்பால் மாத்தேவாலாவில் அவள் அம்மா வீட்டுக்குக் கூரை போட வேண்டும். "கொமாத்ரே, கொத்தனார் இன்னைக்குள்ள பணம் வரலேன்னா வேற வீட்டு வேலைக்குப் போயிடுவானாம். அப்புறம் அம்மா நட்சத்திரத்தை எண்ணிக்கிட்டுத்தான் படுக்கணும். ஆறு மணிக்கு வந்துரட்டுமா?"

"நான் எப்பவாச்சும் லேட்டா குடுத்திருக்கேனா?" என்று அதட்டி போனை வைத்த ஒப்துலியா ஃப்ரீசரைத் திறந்தாள். கறி இருந்தது. முடிச்சு ஒன்றுகூட இல்லை.

"யோவ் கிழவா! முடிச்சுப் போட்டதெல்லாம் எங்கய்யா?"

"ஒரு டஜன்தான் மிச்சம் இருந்துச்சு. காலையில குடுத்துட்டேன். கிறிஸ்துமஸ் இல்ல?"

"யாருக்குக் குடுத்தே?"

"நூரியாவுக்கு." சொன்ன வாயை மூடிக்கொண்டான். தாமதமாகிவிட்டது.

"யாரு நூரியா?"

"ஒரு பொண்ணு. நல்ல பொண்ணு."

"அந்த நல்ல பொண்ணை எத்தனை நாளா தெரியும்?"

"ஏழு வருஷமா."

ஒப்துலியா அகப்பையை எடுத்தாள். "தினம் பாப்பியா?"

"வெள்ளிக்கிழமை மட்டும்."

"தொட்டுப் பேசுவியா?"

"நடுவுல கண்ணாடி இருக்கு கிழவி!"

"கண்ணாடியா? ஜெயில்லயா இருக்கா?"

"பேங்க்ல."

அகப்பை கீழே விழுந்தது. ஒப்துலியா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஏழு வருடத்துக்கு முன்பே டிப்போவில் செக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்களாம். சம்பளம் நேரே கணக்கில் விழுகிறதாம். சொல்லத் தைரியம் வரவில்லையாம்.

"வேற பொம்பளைன்னா கூட உன்னைப் பாதிரியார் முன்னாடி நிறுத்தி அழ வச்சிருப்பேன்" என்றாள் மெதுவாக. "பேங்குக்கு நான் எந்தப் பாதிரியாரைத் தேடுவேன்?" பிறகு துள்ளி எழுந்தாள். "எந்திரி. அந்த டஜன்ல ஒண்ணுல ஆயிரம் டாலர் இருக்கு."

பூசைக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு, இருபது வருடமாகத் தவிர்த்த கதவைத் தள்ளிக்கொண்டு ஒப்துலியா உள்ளே நுழைந்தாள். பண்டிகைக் கூட்டம். ஒருவர் கையெழுத்துப் போட ஐந்து பேர் துணைக்கு வந்திருந்தார்கள். வரிசையில் ஒருத்தி கார்க்கடன் விளம்பரத் தாளை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தாளுக்கு மேலே தெரிந்த கொண்டையை ஒப்துலியாவுக்குத் தெரியும். பேக்கரி சேலோ, நாலாம் நம்பர்.

"சேலோ?"

"ஐயோ, தோன்யா ஒப்துலியா! நான் சும்மா... வெளியில குளிருதேன்னு ஒதுங்கினேன்."

"வெளியைவிட இங்கதானடி குளிருது."

அவளுக்குப் பின்னால் டயர்க்கடை ஃபிலெமோன், ஆறாம் நம்பர். கேட்கும் முன்பே பதில் சொன்னான். "பேனா எடுக்க வந்தேன் தோன்யா. இங்க ஓசியில குடுப்பாங்க."

பேனா சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது.

வரிசையின் நுனியில் நின்றது ஹெர்லிந்தாவேதான். ஒளியவும் இல்லை, நெளியவும் இல்லை. "கொமாத்ரே! பணத்தை இங்கயே கொண்டாந்துட்டீங்களா? ஆறு மணிக்கு உங்ககிட்ட வாங்கிட்டு வந்தா இங்க மூடிருவாங்களேன்னு பயந்து இப்பவே இடம் பிடிச்சு நின்னேன். இங்கேருந்துதான் அம்மாவுக்கு அனுப்புவேன். கையில இருக்கா?"

ஒப்துலியாவின் வாயிலிருந்து வாழ்க்கையில் சொல்வோம் என்று நினைத்தேயிராத வாக்கியம் ஒன்று வெளியே வந்தது. "பணம் பேங்க்ல இருக்கு."

சேலோவின் கையிலிருந்த தாள் நழுவியது.

நிக்காந்த்ரோ அதற்குள் கண்ணாடிக்கு முன்னால் போயிருந்தான். ஒப்துலியாவும் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் கன்னம் குழிய ஒரு பெண். "தோன் நிக்காந்த்ரோ! தமாலே பிரமாதம். அதுக்குள்ள நாலு காலி. மிச்சம் மேனேஜர் ரூம்ல சூடாகுது."

"அந்த நாலைத் தின்னவங்கள்ல யாராச்சும்," என்று ஒப்துலியா ஜாக்கிரதையாகக் கேட்டாள், "மெல்ல ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா?"

நூரியா பதில் சொல்வதற்குள் மேனேஜர் அறைக் கதவு திறந்தது. மேனேஜர் த்ரெவின்யோ ஒரு தட்டை ஏந்திக்கொண்டு வந்தார். தட்டில் விரிந்த சோளமட்டை. அதன்மேல் பாதி உருகிய பை, அதற்குள் நோட்டுகள்.

"யாரு இதைக் குடுத்தது? கஸ்டமர்கிட்ட காசு வாங்கினேன்னு தெரிஞ்சா என் வேலை போயிடும். லஞ்சத்தை ஆவியில வேகவச்சுத் தர்ற ஊரை இன்னைக்குத்தான் பாக்குறேன்!"

"லஞ்சமில்ல. சீட்டுப் பணம். என்னோடது" என்றாள் ஒப்துலியா.

"உங்களதுன்னு நான் எப்படிம்மா நம்புறது?"

ஒப்துலியா திரும்பி வரிசையைப் பார்த்தாள். பார்வை ஒன்றே போதுமாக இருந்தது.

"அதுல ஒரு நோட்டு என்னோடது!" என்றாள் சேலோ. "மாவு ஒட்டியிருக்கும், பாருங்க."

"என்னோடதுல கிரீஸ் இருக்கும்" என்றான் ஃபிலெமோன்.

"மொத்தமும் என்னோடது!" என்று ஹெர்லிந்தா அலறினாள். "எட்டாம் நம்பர்! கூரை!"

த்ரெவின்யோ ஒரு நோட்டை எடுத்து முகர்ந்து பார்த்தார். அவர் முகம் இளகியது. "லரேடோவுல என் அம்மாவும் சீட்டு நடத்தினவங்கதான். ஆனா பீன்ஸ் டப்பாலதான் வைப்பாங்க. சாப்பிடுறதுல வைக்கிற தைரியம் அவங்களுக்குக் கிடையாது." தட்டை அப்படியே ஒப்துலியாவிடம் நீட்டினார்.

அவள் எண்ணி, அங்கேயே ஹெர்லிந்தாவின் கையில் வைத்தாள். ஹெர்லிந்தா திரும்பிக் கண்ணாடிக்குள் நீட்டினாள். இலவங்கப்பட்டை வாசனையோடு கூரை மாத்தேவாலாவுக்குக் கிளம்பியது. மணி ஆறாக இன்னும் நேரம் இருந்தது.

மூச்சு நிதானமானதும் ஒப்துலியா மற்ற இருவரையும் பிடித்துக்கொண்டாள். "ஆளாளுக்கு இங்க கணக்கு வச்சிருக்கீங்க. அப்புறம் எதுக்கு எங்கிட்ட வாரம் நூறு?"

"இங்க போட்டா நடுராத்திரிகூட எடுத்துச் செலவு பண்ணிருவேன்" என்றான் ஃபிலெமோன். "உங்ககிட்டேருந்து எடுக்க முடியுமா?"

"இங்க கட்டாம விட்டா லெட்டர் வரும்" என்றாள் சேலோ. "உங்களுக்குக் கட்டாம விட்டா நீங்களே வருவீங்க."

"எங்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

"சொன்னா பத்தாம் நம்பர் குடுத்துருவீங்களே!"

ஒப்துலியாவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அப்போது நூரியா, நல்ல மனதோடு, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டாள். "தோன் நிக்காந்த்ரோ, சந்தோஷமான செய்தி! படகுக் கணக்குல இன்னும் ஆயிரத்து இருநூறுதான் பாக்கி."

நிக்காந்த்ரோ கண்ணை மூடிக்கொண்டான்.

"படகா?" என்றாள் ஒப்துலியா.

"சின்னதுதான். ஏரியில மீன் பிடிக்க."

"எந்தக் காசுல?"

"அந்தக் கமிஷன்..."

காவலாளி தமாலேயை வாயில் வைத்தபடி மெல்லுவதை நிறுத்தினான்.

"ஏழு வருஷமா," என்றாள் அவள், "அந்தக் கடைக்காரனை, அவன் ஆத்தா, அப்பன், பாட்டன் பூட்டன் வரைக்கும் திட்டியிருக்கேன்."

"நான்தான் அவன்" என்றான் நிக்காந்த்ரோ. "எல்லாம் எனக்கு வந்து சேந்துருச்சு."

முதலில் சிரித்தது யார் என்று இன்றும் தகராறு. சேலோ என்கிறார்கள் சிலர். ஒப்துலியாவேதான் என்கிறான் ஃபிலெமோன். மறுநாள் அவள் செக் மாற்றும் கடைக்கு ஒரு டஜன் தமாலே கொண்டுபோய்க் கொடுத்தாள், முடிச்சில்லாதது. காரணம் சொல்லவில்லை. கடைக்காரன் இன்றுவரை குழம்பிக்கொண்டிருக்கிறான்.

அவள் பேங்கில் கணக்குத் திறக்கவில்லை. நூரியா கேட்டுப் பார்த்தாள், த்ரெவின்யோ கேட்டுப் பார்த்தார். "உங்க பேங்க் நல்லதுதான், ஆனா அதுகிட்ட யாருக்கும் வெக்கம் கிடையாது" என்று சொல்லிவிட்டாள். ஆனால் எதிர்ச்சாரிக்குப் போவதை நிறுத்தினாள். உறுப்பினர்கள் எல்லாரும் அங்கேதான் நிற்கிறார்கள் என்று தெரிந்த பிறகு வீடு வீடாக எதற்கு அலைய வேண்டும்? பேங்கின் சோபாவில் உட்கார்ந்து வசூலிக்கிறாள்.

பழைய ஆட்களில் ஒருவர் விலகிவிட, ஜனவரியில் தொடங்கிய புதுச் சீட்டில் பன்னிரண்டு பேர். நூரியாவுக்கு மூன்றாம் நம்பர், நல்ல பெண் என்பதால். த்ரெவின்யோவுக்கு ஐந்து, அவர் அம்மாவை உத்தேசித்து. நிக்காந்த்ரோவையும் முதன்முறையாகச் சேர்த்தாள். ஊர் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டது, இனி என்ன? மீதிப் படகு சீட்டுப் பணத்தில்தான் வர வேண்டும். அவனுக்குப் பன்னிரண்டாம் நம்பர்.

"வசந்தத்துலதான் கிழவி மீன் நல்லா கடிக்கும். பன்னிரண்டுன்னா பாதி சீசன் முடிஞ்சிருமே" என்று அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"முணுமுணுத்தா," என்றாள் ஒப்துலியா, நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே, "அடுத்த சீட்டுலயும் பன்னிரண்டுதான்."