ஒற்றைக் கோடு

தவறான வார்த்தையின் மேல், அடிக்கோலை வைத்துச் சிவப்புப் பேனாவால் ஒரே ஒரு கோடு. அதற்குமேல் அவர் அடிக்க மாட்டார். அடித்த வார்த்தை கோட்டுக்கடியில் படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் தேதியும் இரண்டெழுத்துக் கையெழுத்தும் இருக்க வேண்டும். வீட்டு மளிகைப் பட்டியலுக்கும் இதே மரியாதைதான். "சோப்பு வேணாம்னு அடிச்சது யாருன்னு நாளைக்கு ஒரு சண்டை வரும்ல?" என்பார். "நான் சொன்ன சாக்குப்போக்கெல்லாம் இவகிட்ட தேதிவாரியா இருக்கும் சார்" என்கிறார் அவருடைய கணவர்.

பம்பு செய்யும் தொழிற்சாலையின் ஆவணப் பிரிவில் அவருக்கு வேலை. என் மேசை அவருக்கு எதிரில். எல்லோரும் அவரை ஹிஸ்டரி மேடம் என்றுதான் கூப்பிடுகிறார்கள், முகத்துக்கு நேராகவே. அவர் கோபித்துக்கொள்வதில்லை.

இந்த வருடம் அவர் தலையில் விழுந்த வேலை, நூற்றுப் பன்னிரண்டு கையேடுகளைக் கலைத்து அடுக்குவது. பிரிவுவாரியாகக் கிடந்தவற்றை இயந்திரவாரியாகக் கணினியில் ஏற்ற வேண்டும். ஒரு பக்கம் இடம் மாறினால், அதை யார், எப்போது, ஏன் திருத்தினார்கள் என்ற பட்டியலும் கூடவே போக வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். "வீடு மாத்தும்போது பிள்ளையைத் தூக்கிட்டு, பேரை மட்டும் பழைய வீட்லயே விட்டுட்டு வருவோமா?" ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே எரிச்சல் வந்தது.

மேலாளருக்கு வராமல் இருக்குமா? "திங்கட்கிழமை ஆய்வுக்கு ஆள் வராங்கம்மா. பழசெல்லாம் எதுக்கு? எல்லாத்தையும் முதல் பதிப்புன்னு போட்டுப் புதுசா ஆரம்பிங்க."

"பதினஞ்சு வருஷம் முன்னாடி வித்த பம்பு இன்னும் ஓடிட்டு இருக்கு சார். அதைக் கழட்டுறவங்க ஃபோன் பண்ணா, எதைப் பார்த்துப் பதில் சொல்றது?"

மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "உங்க இஷ்டம். ஆனா ஆய்வுல கேள்வி வந்தா நீங்கதான் பதில் சொல்லணும்."

எந்தப் பக்கத்தில் கேள்வி வரும் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். பதினோரு வருடத்துக்கு முன் மேடம், பெரிய பம்பின் கையேட்டில், மூடியின் போல்ட்டை இறுக்க வேண்டிய அளவு 58 என்பதை 85 என்று தட்டச்சு செய்துவிட்டார். அந்த அளவுக்கு இறுக்கிய மூடி சோதனையின்போது வெடித்தது. அங்கிருந்த ஃபிட்டர் ஒருவருக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போயின. அடுத்த திருத்தத்தில் மேடமே எழுதியிருக்கிறார்: 'எண் மாறியது என் தவறு. ஒருவருக்குக் காயம்.' கீழே இரண்டெழுத்து. அடுத்த மாதம் பிரிவுத் தலைவர் நாற்காலி காலியாகிறது, அதற்கு அவர் பெயர்தான் அடிபடுகிறது. நானாக இருந்தால் அந்த ஒரு தாளைத் தொலைத்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அந்தக் கையேட்டின் முறை வந்தது. ஏற்றிய பக்கத்தைப் பழையதோடு ஒப்பிட்டு இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். பெரிய பம்புக்கு அந்த இன்னொருவர் அதே ஃபிட்டர்தான்; இப்போது சோதனைப் பிரிவில் மூத்தவர். மேடத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பழைய தாளைப் படித்தார்.

"இந்த வரி வேணாம்க்கா. எனக்கே மறந்துபோச்சு."

"பொய் சொல்லாதீங்க தம்பி."

ஃபிட்டர் சிரித்துவிட்டார். "சரி, மறக்கல. அதுக்காக உங்களுக்கு வரப்போறதைக் கெடுத்துக்கணுமா?"

"அம்பத்தெட்டு கம்மியா இருக்கேன்னு நாளைக்கு யாராவது ஏத்திட்டா? ஏன் ஏத்தக்கூடாதுன்னு இந்த ஒரு வரிலதான் இருக்கு."

கணினிப் படிவம் இரண்டெழுத்துக் கையெழுத்தை ஏற்காது. முழுப் பெயர் கேட்கும். பிரிவின் பெயரைப் போட்டாலும் விட்டுவிடும். "ஆவணப் பிரிவுன்னு போட்டுருங்கக்கா" என்றார் ஃபிட்டர். மேடத்தின் விரல்கள் சற்று நின்றன. பிறகு தன் முழுப் பெயரை, அப்பாவின் பெயரோடு சேர்த்து, நிதானமாக அடித்தார்.

சரிபார்த்தவர் பெயருக்கான கட்டம் மட்டும் மீதி. மேடம் விசைப்பலகையை ஃபிட்டரின் முன்னால் தள்ளினார். பிறகு, அவருடைய இடது கைக்கு எட்டும்படி அதை இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.