மாமன்மார் வருகிற தாலாட்டு

சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு, சாய்மனைக் கதிரைகளில் வரிசையாகச் சாய்ந்திருக்கும் ஆண்கள். ஒவ்வொருவரின் வெறும் நெஞ்சிலும் ஒரு குழந்தை. சுவிஸ் நாட்டின் லுசேர்ண் நகர ஆஸ்பத்திரியொன்றில், குறைமாதத்தில் பிறந்த என் மகளைப் பார்க்கப் போனபோது கண்ட காட்சி இது. எட்டிப் பார்த்துவிட்டு ஹோட்டல் சமையலறை வேலைக்கு ஓடலாமென்று வந்த என்னையும் தாதி ஒரு கதிரையில் இருத்தி, மகளை நெஞ்சில் வைத்துப் போர்த்திவிட்டார். தகப்பனின் சூட்டில் பிள்ளை நன்றாக மூச்சு விடுமாம். "பாடுங்கள், உங்கள் மொழியிலேயே" என்றார்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு ஆண்கள் தாலாட்டியதில்லை. தங்கைக்காக அம்மா ஏணையை ஆட்டிப் பாடும்போது அப்பா முற்றத்துக்குப் போய்விடுவார். ஆனாலும் பாட்டு எனக்குள் இருந்தது. அந்தப் பாட்டில் மாமன்மார் ஒவ்வொருவராக வந்து பிள்ளைக்கு ஏதாவது கொடுப்பார்கள். 'ரவி மாமா வருவார், வெள்ளிக் கிண்ணம் தருவார்' என்று கூச்சத்தோடு தொடங்கினேன். மனைவி வாணிக்கு மூன்று சகோதரர்கள். ரவி டொரொண்டோவில், குமார் பாரிஸில், கடைசித் தம்பி சுதன் வன்னியில். போர் நடந்த அந்த நாட்களில் வன்னியோடு தொடர்பே அறுந்திருந்தது. சுதனின் பெயரை விட்டுவிட்டுப் பாடினேன்.

பக்கத்துக் கதிரையில், மகனை அணைத்தபடி ஊர்ஸ் என்ற மலைப்பக்கத்து விவசாயி இருந்தார். பிரார்த்தனையா என்று கேட்டார். இல்லை, பிள்ளையைப் பார்க்க வரும் மாமன்மாரின் பாட்டு என்று என் அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். அவர் யோசித்தார். "எப்போது வருகிறார்கள்? இங்கே ஒரு தடவைக்கு இரண்டு பேரைத்தான் விடுவார்கள்."

பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சலில் கிடந்த வாணியை மறுநாள் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். நான் பாடி முடித்ததும் கேட்டாள்.

"தம்பியை ஏன் விட்டனீங்கள்?"

"பேரைக் கேட்டா நீர் அழுவீரெண்டுதான்."

"அழுதா அழுறன். அவனும் மாமன்தானே. பாடுங்கோ."

'சுதன் மாமா வருவார், சங்கு வளை தருவார்' என்று பாடினேன். வாணி வாய்விட்டு அழுதாள். பக்கத்து வீட்டுக் கதவைச் சாத்தும் சத்தத்துக்கே முகம் சுளிக்கும் நாடு இது. அந்த அறையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தாதி வந்து மகளை அவளுடைய நெஞ்சுக்கு மாற்றினார். ஊர்ஸ் மாத்திரம் தன் மகனின் முதுகைத் தடவியபடி, சொற்கள் தெரியாமல் அந்த மெட்டை முனகத் தொடங்கினார். நான் நிறுத்திய பிறகும் அவர் நிறுத்தவில்லை. இந்த மனிதர்களிடம் இவ்வளவு காலமும் வணக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை கதைக்காமல் இருந்துவிட்டேனே என்று அன்றைக்குத்தான் நினைத்தேன்.

அவருடைய மகன்தான் முதலில் வீட்டுக்குப் போனான். போகுமுன் ஊர்ஸ் பாட்டைப் பதிவுசெய்யக் கைபேசியை நீட்டினார். "இந்தப் பாட்டுக்குத்தான் இவன் தூங்கிப் பழகியிருக்கிறான். தயவுசெய்து முழுவதையும் பாடுங்கள்." இந்தமுறை வாணியும் சேர்ந்து பாடினாள், மூன்று பெயர்களையும்.

மகளும் பிறகு தேறி வீட்டுக்கு வந்தாள். இப்போது எடை கூடி, கன்னங்கள் உப்பிவிட்டன. சுதனைப் பற்றி இன்னும் ஒரு செய்தியும் இல்லை. ஆனால் நாங்கள் ஒருநாளும் போகாத ஏதோவொரு மலைச்சரிவில், மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்து வீட்டில், ஒரு சுவிஸ் குழந்தைக்குக் கண் செருகும் நேரத்திலெல்லாம் அவன் கைநிறையச் சங்கு வளைகளோடு வந்துகொண்டிருக்கிறான்.