மாபு ஆன்ட்டியின் காலுறையில் விழுந்த எரிமலை

மாபு ஆன்ட்டி பள்ளிக்கூடச் சமையல்காரி. அவள் குரல் கேட்டால் கொதிக்கிற சோறுகூட அடங்கும். கணவர் வென்டெலுக்கு ஒரு காது மந்தம்; சாப்பிட உட்காரும்போது அந்தக் காதைத்தான் ஆன்ட்டி பக்கம் வைத்துக்கொள்வார். எரிமலைத் தெய்வமான பேலேக்கு ஜின் பாட்டில் படைப்பது ஆன்ட்டியின் வழக்கம், பாதியைத் தானே குடித்துவிட்டு.

"அவ தனியா குடிச்சா நல்லாவா இருக்கும்?" என்பாள்.

எங்கள் ஊர் கிலாவேயா எரிமலைக்கு அடுத்த வீடு மாதிரி. கூரையில் விழும் மழைதான் குழாய் வழியாகத் தொட்டிக்குப் போகும். குடிக்க, குளிக்க, சமைக்க எல்லாம் அதுதான். அந்த மாதம் மழை ஏமாற்றியது. தொட்டி பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. சனிக்கிழமை என் அண்ணன் மகனுக்கு முதல் பிறந்தநாள். தீவே சாப்பிட வரும். சமையல் முழுக்கத் தன் பொறுப்பு என்று ஆன்ட்டி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

புதன்கிழமை மலை எரிகுழம்பைப் பீய்ச்சியது. எப்போதும் பாலைவனப் பக்கம் போகிற காற்று அன்று எங்கள் பக்கம் திரும்பியது. தெருவில் எல்லோரும் செய்வதைத்தான் வென்டெல் அங்கிளும் செய்தார்: எரிமலைத் தூள் தண்ணீரில் கலக்காதபடி கூரைக் குழாயைத் தொட்டியிலிருந்து பிடுங்கிவிட்டார். தூள் படிந்து கூரை கறுத்தது. மறுநாள் காலையில் மழை கொட்டியது. பிடுங்கிய குழாய் வழியே எல்லாம் மண்ணில் ஓடியது.

ஆன்ட்டியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தன் நீள நைலான் காலுறையைக் குழாய் வாயில் கட்டினாள்.

"ஆன்ட்டி, கூரை பூரா எரிமலை துப்பின கண்ணாடித் தூள். முதல் மழை கழுவிட்டுப் போகட்டும்," என்றேன்.

"ஊர் ஊரா சுத்திட்டு வந்து எனக்கு மழையப் பத்திப் பாடம் எடுக்கிறியா? பேலேம்மாவுக்கு முடி கொட்டினா நான் வர்றவங்களுக்குச் சோறு போடாம இருக்கணுமா?"

"கட்டு நிக்காதுடி," என்றார் அங்கிள்.

"உங்களுக்குத்தான் காது கேக்காதே, வாய் மட்டும் எப்படி வேலை செய்யுது?"

குழாயைத் தொட்டியில் சொருகிவிட்டாள். காலுறை யானைக்கால் மாதிரி வீங்கியது. பிறகு நுனி கிழிந்து, முழுதாக நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. அங்கிள் கொம்பால் தூக்கி முற்றத்தில் போட்டார்.

நுனியில் கறுத்த மணிகள் மிச்சமிருந்தன: சில உருண்டை, சில கண்ணீர்த் துளி, இரண்டு மூன்று நடுவில் இடுப்பு ஒடுங்கியவை. மேலே பொன்னிறத்தில் முடிக்கற்றை; பேலேயின் முடி என்பார்கள் ஊரில். கூடவே பஞ்சாய் நுரைத்த துண்டுகள். எல்லாம் ஒரே குழம்புதான். வானில் தெறித்த துளி, விட்டால் உருண்டையாகத்தான் ஆகப் பார்க்கும். அதற்குள் குளிர் பிடித்துக் கண்ணாடியாக்கிவிடும். கொஞ்சம் இழுபட்டது கண்ணீர். இரண்டாகப் பிரியப் போய்ப் பாதியில் உறைந்தது இடுப்புக்காரி. வேகத்தில் நூலாக இழுபட்டது முடி. வாயு அடைத்து ஊதியது நுரை. மணிகள் சீக்கிரம் விழும். முடியோ காற்றில் ஊர் ஊராகப் பறக்கும். ஆன்ட்டியின் தொட்டியில் எல்லாரும் குடும்பமாக வந்து இறங்கியிருந்தார்கள்.

"வடிகட்டிட்டா?" என்றார் அங்கிள்.

"ஊசிய வடிகட்டவா? குழந்தைங்க தொண்டையில குத்தினா?" ஆன்ட்டி முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினாள். "விருந்து போச்சு, வென்டெல்."

"பொதுக்குழாய் இருக்கே."

அங்கே வரிசையில் நிற்பவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசியே பழகியவள் அவள். வெள்ளிக்கிழமை கேன்களோடு போய் அதே வரிசையில் நின்றாள். செய்தி அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது.

"மாபு, பேலேக்கு ஒத்தக் காலுதானா? இன்னொரு காலுறைய என்ன பண்ணின?" என்றான் வரிசையில் நின்ற டாரில். அவன் லாரியில் பெரிய தொட்டி.

"உன் வாய்க்குக் கட்டத்தான் வெச்சிருக்கேன்."

வரிசை சிரித்தது. ஆன்ட்டி தன் கேன்களைப் பார்த்தாள், அவன் தொட்டியைப் பார்த்தாள். மூக்கைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"நாளைக்குக் கொண்டாந்து ஊத்துறியா?"

"பன்னிக்கறி உண்டா?"

"உண்டு. பொண்டாட்டியையும் கூட்டிட்டு வா."

"அப்ப நாங்க?" என்றது பின்னாலிருந்த வரிசை.

"யாருகிட்டல்லாம் டிரம் இருக்கோ, தண்ணி ரொப்பிக்கிட்டு எல்லாரும் வாங்க!"

வந்தார்கள். தண்ணீர் நிறைந்து வழிந்தது. கறிதான் பந்தி பாதியிலேயே தீர்ந்துபோனது. கடைசித் தட்டில் கையை வைத்துவிட்டு டாரில் தயங்கினான்.

"இது பிறந்தநாள் பையனோடதாமே?"

"அவனுக்கு இருக்கிறதே நாலு பல்லு," என்றாள் ஆன்ட்டி. "தின்னு தொலை."