எலி புகுந்த கார்

அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசராக இருக்கிறேன். வீடு பெரம்பலூரில். நாற்பத்தாறாவது வயதில், ஜெர்மன்காரன் செய்த பெரிய டீசல் கார் ஒன்றைப் பழையதாக வாங்குவது என்று முடிவு செய்தேன். புதிதாக வாங்க எனக்கு இன்னும் இரண்டு பிறவி வேண்டும். பத்து வருடம் பணக்காரர்கள் ஓட்டிச் சலித்த பிறகு அந்தக் கார்களின் விலை சரிந்து, என்னைப் போன்ற ஆட்களின் கைக்கு எட்டும் இடத்தில் வந்து நிற்கும்.

ஆனால் ஏதோ ஒரு கார் என்றால் எனக்குப் போதாது. அந்தக் கார்களை முதலில் வாங்குகிறவர் கேட்டால் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு சில வசதிகளைச் சேர்த்துத் தருவார்கள். பின் சீட்டில் சாய்ந்தால் முதுகைப் பிடித்துவிடும். கதவை மெல்லச் சாத்தினால் மிச்சத்தைத் தானே இழுத்து மூடிக்கொள்ளும். இருட்டில் சாலையோரம் நிற்கும் ஆளையும் மாட்டையும் உடல் சூட்டை வைத்துக் கண்டுபிடித்துத் திரையில் வெள்ளையாகக் காட்டும். இவையெல்லாம் சேர்ந்த டீசல் கார் நம் பக்கத்தில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அப்படி ஒன்றுதான் எனக்கு வேண்டும். எந்தக் காரில் என்னென்ன போட்டிருக்கிறார்கள் என்பதை மூன்றெழுத்துக் குறியீடுகளாக அச்சடித்து, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தின் ஓரத்தில் ஒட்டியிருப்பார்கள். அந்தக் குறியீடுகள் எனக்கு மனப்பாடம். என் பிள்ளைகளின் பிறந்த நேரத்தைக் கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன்.

பழைய கார் புரோக்கர்களுக்கு மொத்தம் மூன்று வாக்கியங்கள்தான் தெரியும். "ஃபுல் ஆப்ஷன் சார்." "சிங்கிள் ஓனர் சார்." "டாக்டர் ஓட்டுன வண்டி சார்." தமிழ்நாட்டில் இத்தனை டாக்டர்கள் இத்தனை கார்களை விற்றுவிட்டு எதில் ஏறித்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்களோ. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் இருந்த ஒரு புரோக்கரிடம் ஒரு நாள் கேட்டேன். "ஃபுல் ஆப்ஷன்னா என்னென்ன இருக்கு?" அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏசி இருக்கு சார். பவர் விண்டோ இருக்கு. பாட்டு பாடும்."

அந்த மனிதரோடு நான்கு மாதம் அலைந்தேன். பைபாஸ் ஓரத்து ஷெட் ஒன்றில் ஒரு கார் பார்த்தோம். சீட்டின் வழியாகக் குளிர்காற்று வருவதற்காகத் தோலில் நுணுக்கமாகத் துளையிட்டிருந்தார்கள். அதன்மேல் சிவப்பு ரெக்சின் உறையை இழுத்துத் தைத்துப் போட்டிருந்தார் உரிமையாளர். காற்று எப்படி வரும் என்று கேட்டதற்கு, "அழுக்காவாம இருக்கும்ல சார்" என்றார். பூலாம்பாடியில் ஒருவர் தன் காரின் மரவேலைப்பாட்டின்மேல் வெள்ளி நிறத்தில் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தார். மரம் பழசாகத் தெரிந்ததாம். இவர்களிடமெல்லாம் போய் நின்று "நல்ல வண்டிங்க" என்று சிரித்துவிட்டு வர வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் ஒவ்வொருவரையும் நடித்துக் காட்டுவேன். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

ஒரு நாள் புரோக்கரே என்னை அழைத்தார். "சார், மீன்சுருட்டி தாண்டி ஒரு வண்டி. முந்திரி யாவாரி வச்சிருக்காரு. ஆனா வண்டியில எலி பூந்துடுச்சாம். வேணுமா?" படம் அனுப்பச் சொன்னேன். ஸ்டெப்னி பள்ளத்தில் ஒட்டியிருந்த காகிதத்தையும் எடுக்கச் சொன்னேன். அந்தப் படம் வந்தபோது நான் ஆலையில் ஒரு மோட்டார் பேனலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். குறியீடுகளைப் பெரிதாக்கிப் படித்தேன். எல்லாம் இருந்தன. நான் கேட்காத ஒன்றுகூட இருந்தது, பின் சீட்டுக்கு நடுவில் சின்ன ஃப்ரிட்ஜ்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே தனியாகப் போனேன். ஜெயங்கொண்டம் தாண்டி முந்திரித் தோப்புகளுக்கு நடுவே வீடு. முந்திரிக்கொட்டை காயவைக்கும் களத்தின் ஓரத்தில், தகரக் கொட்டகையில், கார் நின்றது. வெள்ளை நிறம். முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. டிக்கியில் மூன்று மூட்டை முந்திரிக்கொட்டை. பின் சீட்டில் ஒரு துண்டு விரித்திருந்தது. அதற்குக் கீழே, கால் வைக்கும் இடத்தில், தேங்காய்ச் சில்லு செருகிய எலிப்பொறி ஒன்று.

உரிமையாளருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். அகலமான மனிதர். சென்னையில் தன்னோடு வியாபாரம் செய்த ஒருவர் அந்தக் காரைக் கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்டதாகச் சொன்னார். பேசிக்கொண்டே கதவைத் திறந்து, பம்ப் செட் அறையின் தகரக் கதவைச் சாத்துவது போல ஓங்கி அடித்தார். தானே மூடிக்கொள்ளும் கதவு அது. எனக்குப் பல் கூசியது.

"எலி எங்க இருக்குங்க?" என்றேன்.

"சீட்டுக்குள்ளதாங்க. பின்னாடி சாஞ்சு உக்காந்தா முதுகுப் பக்கம் ஊருது. மேல போவுது, கீழ வருது. பொறி வச்சேன், மருந்து வச்சேன், ஒண்ணும் வுழல."

நான் குனிந்து சீட்டைப் பார்ப்பது போலப் பாவனை செய்தேன். கதவோரத்தில் வரிசையாகப் பொத்தான்கள் இருந்தன. அவருடைய முழங்கை தடியாக அந்தப் பொத்தான்கள்மேல் அமர்வதை என்னால் கற்பனை செய்ய முடிந்தது. ஒரு மனிதனின் முதுகை இதமாகப் பிடித்துவிட வேண்டும் என்று ஜெர்மனியில் யாரோ வருடக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள். இவர் அதற்குத் தேங்காய்ச் சில்லு வைத்துக்கொண்டிருக்கிறார்.

"அது மட்டும் இல்லங்க" என்று குரலைத் தாழ்த்தினார். "பொழுது போனப்புறம் ஓட்டுனா ஸ்க்ரீன்ல ஆளுங்க தெரியிறாங்க. வெள்ளை வெள்ளையா. ஒரு தரம் சுடுகாட்டுக்கிட்ட ரெண்டு பேரு நின்னாங்க. நான் கண்ணாடி வழியாப் பாத்தா ஒருத்தரும் இல்ல. ஸ்க்ரீன்ல மட்டும் நிக்கிறாங்க. அதுலேர்ந்து இருட்டுனா வண்டிய எடுக்கறதே இல்ல. கோயில்ல கொண்டுபோயி எலுமிச்சங்கா நசுக்கிட்டு வந்தேன்."

இருட்டில் யாரோ இரண்டு பேர் ஒதுங்கியிருக்கிறார்கள். கார் அவர்களைக் காட்டியிருக்கிறது. அதற்காகத்தான் அந்தக் கேமரா. இதை ஒரே வாக்கியத்தில் அவருக்குச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. உதட்டைப் பிதுக்கினேன். ஆலையில் ஒப்பந்தக்காரர்களின் வேலையைக் குறை சொல்வதற்கு நான் வைத்திருக்கும் முகம் ஒன்று உண்டு. அதைப் போட்டுக்கொண்டேன்.

"எலியெல்லாம் இல்லீங்க. ஒயரிங் போயிடுச்சு. சீட்டுக்குள்ள இருக்கிற மோட்டாரு தாறுமாறா ஓடுது. ஸ்க்ரீன்லயும் அதே ஃபால்ட்தான். இல்லாத ஆளக் காட்டுது. பெரிய செலவுங்க. சரி பண்ணாலும் நிக்காது. நான் எலெக்ட்ரிகல் ஆளு, அதனால எடுத்துப் பாக்கலாம்னு இருக்கேன். வேற யாரும் தொடமாட்டாங்க."

அவர் முகம் விழுந்துவிட்டது. விலையை அவரே குறைத்தார். நான் இன்னும் கொஞ்சம் உதட்டைப் பிதுக்கினேன். அவர் இன்னும் கொஞ்சம் குறைத்தார். வெள்ளிக்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாகப் பேசி முடித்தோம். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏமாற்றிவிட்டோமே என்ற உறுத்தல் துளிகூட இல்லை. அந்தக் காருக்கு அவர் தகுதியானவர் இல்லை, அதை மீட்டு எடுக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பஸ்ஸில் போனேன். வரும்போது காரில் வரப்போகிறேன் அல்லவா. களத்தில் முந்திரிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. வீட்டில் அவர் இல்லை. அவர் மனைவி வெளியே வந்தார். நைட்டிக்கு மேல் துண்டு போட்டிருந்தார். நடையில் லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது உடம்பு.

"வூட்டுக்காரரு விருத்தாசலம் போயிருக்காரு. பன்னெண்டு மணிக்குள்ள வந்துடுவாரு. வாங்க, அதுக்குள்ள வண்டியப் பாத்துடுவோம்" என்றார். சாவி அவர் கையிலேயே இருந்தது.

கொட்டகைக்குப் போனோம். அவர் பின் கதவைத் திறந்து துண்டை எடுத்து உதறினார். "உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவர் கதவை இரண்டு விரலால் தள்ளினார். சத்தமே இல்லாமல் அது தன்னை இழுத்து மூடிக்கொண்டது. முன்னால் ஏறி வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, மறுபக்கமாக வந்து என் பக்கத்தில் அமர்ந்தார். கதவோரப் பொத்தான்களில் அவர் விரல் பார்க்காமலேயே போயிற்று.

"இது இடுப்புக்கு" என்றார். என் இடுப்பில் இரண்டு உருண்டைகள் மெல்ல அழுந்தின. "இது தோள்பட்டைக்கு. இது மேல இருந்து கீழ வரைக்கும். உங்களுக்கு எது வேணும்?"

நான் குனிந்து அந்தப் பொத்தான்களைப் பார்த்தேன்.

"முன்னாடி இருக்கிற வண்டி பொஸ்தகம் முழுக்க இங்கிலீசு. போன வச்சுப் புடிச்சா தமிழ்ல சொல்லுது. ஒரு மாசம் படிச்சேன். கொட்டை அள்ளி அள்ளி எனக்கு இடுப்பு போயிடுச்சுங்க. மத்தியானம் அவரு சாப்ட்டுத் தூங்குனதும் வந்து இருபது நிமிசம் இதுல உக்காருவேன். உள்ள ஒரு பாட்டில் மோரு வச்சிருப்பேன்." நடுவில் இருந்த ஃப்ரிட்ஜின் மூடியைத் திறந்தார். மோர் இருந்தது.

"அவருகிட்ட சொல்லலியா?"

"சொன்னா என்ன ஆவும்? ஜெயங்கொண்டத்துலேர்ந்து மீன்சுருட்டி வரைக்கும் அவரு சேத்தாளி எல்லாரையும் கூட்டியாந்து உக்கார வைப்பாரு. எனக்கு எடம் கெடைக்குமா? எலின்னே நெனச்சிக்கிட்டு இருக்கட்டும்னு உட்டுட்டேன். ஆனா வண்டிய வித்துடுவாருன்னு நான் நெனைக்கல."

சீட் என் முதுகைப் பிடித்துக்கொண்டே இருந்தது. அணைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நீங்க அன்னிக்கு வந்து பேசுனத எல்லாம் களத்துல நின்னு கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். "அவருக்குத் தெரியாது, உளறுனாரு. எனக்குத் தெரியும், வாய மூடிக்கிட்டு இருந்தேன். நீங்க தெரிஞ்சிக்கிட்டே ஒயரிங் போயிடுச்சுன்னீங்க பாருங்க. படிச்ச மனுசன்."

கடைசி இரண்டு சொற்களைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் அடையாளம் கண்டுகொண்டேன். ரெக்சின் உறை போட்டவரையும் ஸ்டிக்கர் ஒட்டியவரையும் நான் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

"சரிங்க, நான் அவருகிட்ட உண்மையச் சொல்லிடறேன்" என்றேன்.

"அய்யய்யோ, வேணாம்! நீங்க சொன்னது அப்படியே இருக்கட்டும். இப்ப அவருக்கு போன் போடுங்க. வண்டிய நல்லாப் பாத்தேன், நெனச்சதவிட மோசம், எனக்கு வேணாம், யாருகிட்ட கேட்டாலும் வாங்கமாட்டாங்கன்னு சொல்லிடுங்க."

"இல்லன்னா?"

"இல்லன்னா நீங்க ஏமாத்த வந்தத ஊருக்குள்ள நான் சொல்லிக்கிறேன். நீங்க திரும்பிப் போற பஸ்ஸு இந்த ஊரு வழியாத்தானே போவணும்."

போன் போட்டேன். அந்த அம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வாங்கியே தீர வேண்டும் என்று நான்கு மாதம் அலைந்த காரின் உள்ளே, அதன் இதமான பிடியில் சாய்ந்தபடி, அது குப்பை என்று சொல்ல ஆரம்பித்தேன்.

எதிர்முனையில் அவர் கெஞ்சினார். "சார், பேசுனதுலேர்ந்து இன்னும் கொறைச்சுக்கிறேன். நீங்களே ஒரு வெலை சொல்லுங்க. வண்டி போனாப் போதும் சார்."

அந்த விலைக்கு அந்தக் கார் கனவிலும் கிடைக்காது. பக்கத்தில் இருந்தவர் மோர்ப் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"வேணாங்க" என்றேன். "சும்மா குடுத்தாலும் வேணாம்."

"அவ்வளவு மோசமா சார்?"

"ஆமாங்க. வூட்டுலயே நிக்கட்டும். ஆனா மாசம் ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணி வையுங்க." கடைசி வரியை ஏன் சேர்த்தேன் என்று தெரியவில்லை. காரின் மேல் இருந்த பாசமாக இருக்கலாம்.

"அதெல்லாம் எவன் சார் பண்ணுவான்" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

அந்த அம்மாள் இன்ஜினை அணைத்தார். இறங்கி நின்றபோது என் முதுகு வெட்கமில்லாமல் லேசாக இருந்தது. ஒரு டம்ளரில் மோர் ஊற்றிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லும் கௌரவம்கூட என்னிடம் மிச்சமில்லை. வாங்கிக் குடித்துவிட்டு மெயின் ரோட்டுக்கு நடந்தேன். ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறி, அரியலூரில் மறுபடி மாறி, சுண்ணாம்புக்கல் லாரிகளின் பின்னால் ஊர்ந்து பெரம்பலூர் வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. கார் எங்கே என்று மனைவி கேட்டாள். நடந்ததை அப்படியே சொன்னேன். அவள் நீண்ட நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். யாரையும் நான் நடித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் திருச்சியில் ஒரு டீசல் கார் வாங்கினேன். அதுவும் ஜெர்மன்காரன் செய்ததுதான், சாம்பல் நிறம். கதவை ஓங்கித்தான் சாத்த வேண்டும். முதுகைத் தொடாது. இருட்டில் எல்லோருக்கும் தெரிவதுதான் எனக்கும் தெரியும். டாக்டர் ஓட்டிய வண்டி என்று சொன்னார்கள். தலையாட்டினேன். கூடுதலாகப் பணம் கட்டி முதல் உரிமையாளர் போட்டுக்கொண்ட வசதி அதில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் சீட் சூடாகும். மே மாதத்தில், அரியலூர் ரோட்டில், என் மனைவி தெரியாமல் அதை அழுத்திவிட்டு, ஆலை வாசல் வரும்வரை என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள்.