காதர் பாய் வண்டியின் முன் பிரேக்கு

டூவீலர் மெக்கானிக் தொழில் ரொம்ப சிம்பிள்: வண்டி ஓடலன்னா கஸ்டமர் வந்து திட்டுவாரு, வண்டி நிக்கலன்னா திட்டுறதுக்குக் கஸ்டமரே இருக்க மாட்டாரு. ஸ்பேனர் புடிச்சுப் பொழைக்கிற என் பங்காளிங்களுக்கு இது தெரியாததில்ல. எனக்கும் தெரியும். தெரிஞ்சும் ஒரே வண்டியில எத்தினி தபா மானம் போச்சுன்னு சொல்றேன், சிரிச்சுக்குங்க. உங்க ஷெட்லயும் இதே மாதிரி ஒண்ணு நடந்திருக்கும், நீங்க வாய மூடிக்கினு இருக்கீங்க, அவ்ளோதான்.

காத்து புடுங்கினது

காதர் பாய்க்கு எண்ணூர் பக்கம் கன்டெய்னர் யார்டுல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற வேலை. வண்டி பழசு, முன்னாடி டிஸ்க் பிரேக்கு, சர்வீஸெல்லாம் என்கிட்டதான். தினம் சம்சாரம் நூர்ஜஹானைப் பின்னாடி ஒக்கார வெச்சுக்கினு திருவொற்றியூர்ல தையல் கம்பெனியில எறக்கி வுட்டுட்டுப் போவாரு. அந்த ரோட்ட பத்தி சொல்லவே வேணாம். முன்னாடி ஒரு டிரெய்லர், பின்னாடி ஒரு டிரெய்லர், நடுவுல நாம. "முன் பிரேக்கு நிக்க மாட்டேங்குது"ன்னு வந்து நின்னாரு.

லிவர புடிச்சுப் பாத்தேன், கல்லு மாதிரி கெட்டியா இருந்துச்சு. பிரேக் ஆயில் லைன்ல காத்து பூந்தா லிவர் பொதபொதன்னு உள்ள போவும், கெட்டியா நிக்காது. இது நேத்து வேலைக்கு வந்தவனுக்கும் தெரியும். ஆனா காலங்காத்தால கடையில நாலு பேரு நிக்கிறாங்க, யோசிக்கிற மாதிரி நின்னா கெத்து போயிடும்ல? "காத்து பாய், காத்து!"ன்னு சொல்லி, பிரேக் ஆயில மாத்தி, டிஸ்க்க கவ்விப் புடிக்கிற பேடை உப்புத்தாள்ல தேய்ச்சு, டிரயல் பாத்தேன். சும்மா கப்புனு நின்னுச்சு. மறுநாள் பாய் மறுபடியும் வாசல்ல. "பிரேக்கு நல்லாத்தான் புடிக்குது மாமு, வண்டிதான் நிக்க மாட்டேங்குது."

ஒரிஜினல் பேடு

சரி, பேடு தேய்ஞ்சிருக்கும்னு புதுசா வாங்கி மாட்டுனேன். தெருவுல டிரயல் பாத்தா ஏ ஒன். ரெண்டு நாள்ல புருஷனும் பொண்டாட்டியும் சேந்து வந்தாங்க. நூர்ஜஹான் மொகத்துல ரத்தமே இல்ல. டிரெய்லருக்கு அடியில பூந்துட இருந்தாங்களாம், பாய் காலத் தரையில தேய்ச்சு நிறுத்தினாராம். அறுந்த செருப்ப கையில வெச்சிருந்தாரு.

மாட்டிக்கினா மனுசன் இன்னா பண்ணுவான்? பழிய வேற எவன் தலையிலயாவது போடுவான். நேரா ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய், டூப்ளிகேட் பேடு குடுத்து ஆளக் கொல்லப் பாக்கறியான்னு கத்துனேன். கடைக்காரர் டீ குடிச்சிக்கினு இருந்தாரு, டம்ளரக் கூட கீழ வெக்கல. "பேடு ஒரிஜினல்தான் நைனா, நீ ஒரிஜினலான்னு மொதல்ல பாரு."

யார் கையில கோளாறு

லிவராண்ட இருக்கிற மாஸ்டர் சிலிண்டர் கிட்டு மாத்துனேன். ஆயில் போற ஓஸும் மாத்தி, பேடையும் டிஸ்க்கையும் உப்புத்தாள்ல தேய்ச்சேன். ஓட்டிப் பாத்தா மறுபடியும் ஜோரா நிக்குது. சாயங்காலமே பாய் ஃபோன் பண்ணி, அதே கோளாறுன்னாரு. மாத்துறதுக்கு வண்டியில இனிமே ஒண்ணும் பாக்கி இல்ல. அப்பதான் என் நாக்குல சனி பூந்துச்சு. மறுநாள் வந்தவரு கிட்ட, "பாய், நான் புடிச்சா நிக்குது, நீ புடிச்சா நிக்கல. கோளாறு உன் கையிலதான். வலு கம்மியாயிடுச்சு"ன்னு சொல்லிட்டேன்.

சண்டை போடுவாருன்னு பாத்தேன், போடல. வலது கைய விரிச்சு விரிச்சு மூடிப் பாத்தாரு. அந்தக் கையிலதான் ஃபோர்க்லிஃப்ட் லிவரத் தூக்கி எறக்குறாரு, கீழ ஆளுங்க நடமாடுற எடத்துல. அத நெனச்சாவது நான் வாய மூடியிருக்கணும். அவரு ரொம்ப மெதுவா, "இருக்கும் மாமு, எனக்கே கொஞ்ச நாளா டவுட்டு கீது"ன்னாரு.

டீசல் நாத்தம்

அடுத்த தபா வண்டி என் கடையில நின்னப்ப நூர்ஜஹான் தனியா வந்து என்னைப் புடிச்சுக்கிச்சு. பிரேக்கப் பத்தி இல்ல. நம்ம ஏரியா உப்புக்காத்துல வண்டி துரு புடிக்கும், அதனால வேல முடிச்சு, டிரயலும் பாத்தப்புறம், டீசல்ல பழைய ஆயில் கலந்து மேலேருந்து கீழ வரைக்கும் ஸ்பிரே அடிச்சுக் குடுக்குறது என் வழக்கம். அந்த நாத்தம் அதோட பர்தால ஏறிக்கினு போவவே மாட்டேங்குதாம், தலவலியாம். "சோப்பு போட்டு சுத்தமா கழுவுங்கண்ணே, அத்த மட்டும் அடிக்காதீங்க"ன்னு ஒரே புடி. கழுவி, பேடு மறுபடியும் புதுசு போட்டுக் குடுத்தேன்.

ஒரு வாரம் ஆள காணோம். நம்ம கைராசிதான்னு நெனச்சுக்கினு இருந்தேன். அப்பறம் நூர்ஜஹான் என்ன மார்க்கெட்டுல பாத்து, வண்டி சும்மா கில்லி மாதிரி நிக்குது, இன்னாண்ணே பண்ணீங்கன்னு கேட்டுச்சு. நான் புதுசா ஒண்ணுமே பண்ணல. டீசல் அடிக்கல, அவ்ளோதான். அப்பதான் ஒறச்சுது: நான் அடிச்ச எண்ணெயெல்லாம் டிஸ்க்ல படிஞ்சு பேடுல ஊறியிருக்கு. ஒவ்வொரு தபாவும் நானே சரி பண்ணி, நானே கெடுத்து அனுப்பியிருக்கேன். கையில இருந்த காய்கறிப் பையோட அப்படியே நின்னுட்டேன். "இன்னா பண்ணீங்கன்னு கேட்டா இன்னாண்ணே பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

கொருக்குப்பேட்டை

அன்னிக்கே கொருக்குப்பேட்டையில இருக்கிற அவங்க வூட்டுக்குப் போனேன். பாய் வாசல்ல ஸ்டூல் போட்டு ஒக்காந்து, வலது கையில ஒரு ரப்பர் பந்த அமுக்கிக்கினு இருந்தாரு. "இத அமுக்கி அமுக்கிதான் மாமு இப்ப பிரேக்கு நிக்குது. ஆனா எத்தினி நாளைக்கு? நாளைக்கு சூப்பர்வைசராண்ட சொல்லி மிஷின்லேருந்து எறங்கிடலாம்னு கீறேன். என் கையால ஒருத்தன் நசுங்கினா பாவம்ல?"

வேலைய வுடறேன்றாரு, நான் வாய்க்கு வந்தத சொன்னதால. ஒண்ணு வுடாம சொன்னேன். டீசல், பேடு, எல்லாம். அந்த அறுந்த செருப்பாலயே நாலு போடுவாருன்னுதான் நின்னேன், போட்டிருந்தாலும் தேவலயா இருந்திருக்கும். அவரு என்னைப் பாக்கவே இல்ல. கைய மூஞ்சிக்கு நேரா தூக்கிப் பாத்தாரு. அப்பறம் கண்ணுல தண்ணியோட உள்ள பாத்துக் கத்துனாரு: "நூரு, இங்க வா! என் கை நல்லாத்தான் கீதாம்!"

எந்த ஓட்டை வண்டியையும் நிறுத்திடலாம் பங்காளிங்களா, தெரியாதத தெரிஞ்ச மாதிரி பேசுற மெக்கானிக் வாய்க்குத்தான் இன்னும் ஒருத்தனும் பிரேக்கு கண்டுபுடிக்கல.